தீர்த்தம் பட்ட லாஸ்தா

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை கவ்ரிலோ அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரதோய்கா அக்கா அவர்களே, நாற்பதாம் நாள் நினைவுக் கோதுமைப் படையலுக்கு வந்திருக்கும் தெருச் சொந்தங்களே, வணக்கம்.

டிவி மெக்கானிக் விடோயே ஸ்தாமென்கோவிச் அவர்களை எதற்காகப் புகழ்வது? வெள்ளத்தில் நனைந்த நம் வீட்டு டிவிகளை ஒவ்வொன்றாக எழுப்பிவிட்டதற்கா? கூலி கேட்கத் தெரியாத குணத்துக்கா? நான் அவர் முடிக்காத வேலையைப் பற்றிப் பேசத்தான் எழுந்தேன்.

நம் ஊர்ப் பட்டறையில் ஒரு காலத்தில் 'லாஸ்தா' என்று வீடியோ விளையாட்டுப் பெட்டி செய்தார்கள். உலகத்துக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அதில் ஒரு நாரை ஆற்றைக் கடந்து போய்ப் புகைபோக்கி மேல் கூடு கட்டும். அந்த நாரையைக் கட்டம் கட்டமாக வரைந்தவர், அங்கே பற்றவைப்பு வேலை பார்த்த நம் தெசான்கா. இப்போது பின்னால் சமையலறையில் நிற்கிறார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. பார்வை போவதற்குள் நாரையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். அது என் பொறுப்பு என்றார் விடோயே.

மிஞ்சியது ஒரே பெட்டி. அதிலும் படம் வராது. ஆகவே வாசகசாலைக் கணினியையே லாஸ்தாவைப் போல நடிக்க வைக்கும் எமுலேட்டரை அமைத்தார். விளையாட்டைப் பிரதி எடுத்தார். பாக்கி, பெட்டிக்குள் இருந்த, அதை முதலில் உயிர்ப்பிக்கும் நிரலைத் தாங்கிய தொடக்கச் சில்லு ஒன்றுதான். அதன் பிரதி இல்லாமல் எமுலேட்டர் கண் திறக்காது.

ஆனால் ஆசீர் வாங்காமல் எந்த வேலையில் கை வைத்திருக்கிறோம் நாம்? குடும்பப் புனிதர் திருநாளுக்கு முன் ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தபோது, உள்ளேயும் ஆசீர் இறங்கட்டும் என்று விடோயே பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தார். திருநீற்றுப்பச்சைக் கொத்து தீர்த்தத்தில் முங்கி எழுந்து, திறந்த பெட்டிக்குள் தெளித்தது. மின்சாரத்தை அணைக்க விடோயே மறந்திருந்தார்.

ஃபாதர், தங்கள் மேல் குற்றமில்லை. அவர் மேலும் இல்லை. பிறகு யாரைத்தான் சொல்வது?

"ஞானஸ்நானம் வாங்குன மொதப் பெட்டி நம்ம வீட்டுதுதான். என்ன பேரு வெக்கலாம்?" என்று கிண்டல் செய்தார் ரதோய்கா அக்கா. விடோயேயும் சிரித்தார். பிறகு சில்லைக் காயவைத்துப் பிரதி எடுத்தார். மறுபடி எடுத்தார். ஒன்றுபோல் ஒன்று வரவில்லை. எது சரி என்று ஒத்துப்பார்க்க அசல் ஏது? அந்த மேசையிலேயே ஒரு மாலை தலை சாய்ந்துவிட்டார்.

நாங்கள் எதைச் செய்யாமல் விட்டோம்? நகரத்துப் பொறியாளரிடம் போனோம், கையை விரித்தார். பட்டறை ஆட்களைத் தேடினோம். அந்தத் தேடல் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது. கணினியைத் திறந்தோம், கறுப்புத் திரை. முழங்காலிட்டு ஜெபித்துவிட்டுத் திறந்தோம், கறுப்புத் திரை.

இன்று காலை கோதுமை கிளறும்போது தெசான்கா என்னிடம் சொன்னார்: "கண்ணு போனப்புறம் வந்தாலும் வரட்டும்டி. கூடு கட்டி முடிச்சிருச்சான்னு பக்கத்துல உக்காந்து சொல்லு, அது போதும்."

அன்பர்களே, விடோயேயின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி அமர்வதுதான் முறை. எப்படித் தொடர்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அந்தக் கணினி முன்னால் உட்காருவோம். தெசான்காவும் வருவார். திரை கறுப்பா, தன் கண்தான் இருட்டா என்று அவருக்கே தெரியாமல் போகும் ஞாயிறு ஒன்று வரும். நாரை வந்துவிட்டதா என்று அன்று கேட்பார். வந்துவிட்டது என்று பொய் சொல்லாமலிருக்க, ஆண்டவரே, எங்கள் நாவைக் காத்தருளும்.