கண்ணகி வாங்கிய செடி

— ஐயையோ பச்சையக்கா! இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கற?

— இன்னாடி அமிர்தம், வந்ததும் வராததுமா கூவற? பைய கீழ வெய்யி மொதல்ல. தியாகதுருகத்துலருந்து நடந்தா வந்த, இப்படி வேர்த்துக் கொட்டுது?

— பஸ்ஸுலதான் வந்தேன். மறியலுக்கு ரோட்டுல வெட்டிப் போட்ட மரத்த எடுத்தப்புறமும், போலீஸு கெடுபிடின்னு எங்கப்பா அனுப்பவே இல்ல. இவர ஜாமீன்ல வுட்டுட்டாங்கன்னு கேட்டதும் ஓடியாறேன். அத வுடு. வாசப்படி மேல தலைகீழா கட்டி வெச்சிருக்கறியே, அது இன்னான்னு தெரியுமா ஒனக்கு?

— தெரியாம இன்னா? கத்தாழ. கூடவே படிகாரம், ஒரு எலுமிச்சம்பழம். ஒன் வூட்டுக்காரன் இருவது சதம் எட ஒதுக்கீடு வேணும்னு ரோட்டுல ஒக்காந்து ஜெயிலுக்குப் பூட்டான். அம்மா வூட்டுக்குப் போன நீ அங்கயே மாட்டிக்கின. பூட்டிக் கெடக்கற வூட்டு மேல எத்தினி கண்ணு! வெளக்கேத்தச் சொல்லி சாவிய எங்கிட்டதான குடுத்த? அதான் திருஷ்டிக்கு ஒண்ணு கட்டுனேன்.

— அது அந்தக் கத்தாழ இல்லக்கா! வெள்ள வெள்ளயா வரி ஓடுது பாரு. அழகுக்குத் தொட்டியில வெச்சி வூட்டுக்குள்ள வளக்கறது. கண்ணகி அக்கா வெச்சிட்டுப் போன செடி!

— எந்தக் கண்ணகி? நான் இந்தத் தெருவுக்கு வந்தே ஆறு மாசந்தான ஆவுது?

— இவரோட மொத சம்சாரம். தவறிப் போயி ரெண்டு வருஷம் ஆவுது. நான் வாக்கப்பட்டு வந்த அன்னிக்கு, “இந்தச் செடிய பாத்துக்க”ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அதோட சரி, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. எனக்குன்னா ஒதறல். விடிஞ்சதும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன். கொஞ்சம் தொவண்டா இன்னொரு சொம்பு.

— அதான பாத்தேன்! தொட்டி பூரா சேறுடி. தூக்கப் போனா வேரெல்லாம் கூழா கையோட வருது. நாத்தம் கொடலப் பொரட்டுது. சரி, வீணாப் போறது திருஷ்டிக்காவது ஆவட்டும்னு, அழுகுனத மட்டும் அறுத்துப் போட்டுட்டு மேல கட்டிட்டேன்.

— இப்ப வந்துடுவாருக்கா. நிமிந்து பாத்தா என்னை இன்னா நெனைப்பாரு? அவ வெச்ச ஒரு செடியக்கூட இவளால காப்பாத்த முடியலன்னுதான? அதுக்கப்புறம் இந்த வூட்ல எனக்கு இன்னா எடம் இருக்குது?

— அய்ய, மூக்க சிந்தாதடி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறு. ஏறி நல்லா பாரு.

— இன்னாத்த பாக்கறது… அக்கா! குருத்து! ரெண்டு குருத்து வுட்டிருக்குதுக்கா! தலைகீழா தொங்கிக்கினே மேல பாத்து வளைஞ்சிருக்குது. அறுத்த எடத்துல புது வேரு வேற!

— பின்ன? மண்ணும் இல்லாம தண்ணியும் இல்லாம, காத்தக் குடிச்சிக்கினு பொழச்சிக்கிச்சி. ஒங்கிட்டருந்து தப்பிச்சதே அதுக்குப் போதும்போல.

— ஒன் கால்ல வுழறேன்க்கா. நீ மட்டும் புடுங்கிக் கட்டலன்னா…

— எழுந்திரு, எழுந்திரு. தோ, தாடியும் அதுவுமா முக்குல வர்றது ஒன் வூட்டுக்காரன்தான? நான் போயி காபி போட்டு எடுத்தாறேன். நீ கண்ண தொடச்சிக்க.

— வாங்க. இப்படி எளைச்சிப் பூட்டீங்களே! ஏங்க, கொஞ்சம் நில்லுங்க… மேல பாக்காதீங்க.

— மேல இன்னா அமிர்தம்? அட… நம்ம வரிக்கத்தாழ இல்ல அது?

— நான்தாங்க அழுக வுட்டேன். தெனம் ஊத்தி ஊத்தி வேரு பூட்டுது. பச்சையக்கா வெவரம் தெரியாம திருஷ்டிக்குக் கட்டுனாங்க. அதனாலதான் பொழச்சிது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.

— ஒன்ன எதுக்குத் திட்டறது? நானும்தான ஊத்துனேன்.

— நீங்களா? எப்ப?

— சாயங்காலம் மில்லுலருந்து வந்ததும், நீ அடுப்படியில இருக்கறப்ப. அந்தச் செடியப் பாத்தாலே ஒன் மூஞ்சி சுருங்கிப் பூடும். அது வாடுனா இன்னும் பயந்துக்குவியேன்னு நான் பாட்டுக்கு ஒரு சொம்பு ஊத்திடுவேன்.

— ஐயோ கடவுளே! நான் ஒங்களுக்குப் பயந்து ஊத்த, நீங்க எனக்காவ ஊத்த… நல்லவேளைங்க, ஜெயிலுக்குப் போனீங்க.

— சிரி, சிரி. இந்த வூட்ல நீ வாய்விட்டு சிரிச்சி இன்னிக்குத்தான் கேக்கறேன்.

— ஒங்களுக்கு வருத்தமே இல்லியா? அக்கா ஆசையா வெச்ச செடியாச்சே?

— அத அவ தனக்குன்னு வாங்கல அமிர்தம். ஒங்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு பாக்கறேன், நாக்கு எழ மாட்டேங்குது. ஜெயில்ல ஒக்காந்துக்கினு, வெளிய போனா மொத வேலையா சொல்லிடணும்னு நெனைச்சேன்.

— இன்னாங்க அது?

— சேலம் ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்கன்னுட்டாங்க. பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு செடிக்கடை. நிக்கக்கூடத் தெம்பு இல்ல அவளுக்கு, எந்தோள புடிச்சிக்கினு நின்னு, பேரம் பேசி இத வாங்குனா. இந்த நெலமையில நமக்கு எதுக்கு செடின்னு கேட்டேன்.

— அதுக்கு இன்னா சொன்னாங்க?

— “நமக்கு இல்லய்யா, எனக்கப்புறம் இந்த வூட்டுக்கு வர்றவளுக்கு. தண்ணி ஊத்த மறந்தாலும் சாவாதாம். பாவம், அவளுக்கு நான் ஒரு பாரமா இருக்கக் கூடாது”ன்னா.