சேர்க்கலாம், சேர்க்கக் கூடாது

எந்தப் பாக்கெட்டை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைப் படிப்பது என் வழக்கம், ஐயா. மண்டபம் அகதி முகாம் கடைக்காரருக்கே என்னைக் கண்டால் சிரிப்பு வரும். 621 என்ற எண் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ருசி கூட்டப் போடும் உப்பு அது. என் கணவர் விஜிதரனுக்கு ஆகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பிடரி எரியும், தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. எதனால் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. சூப் கட்டி, நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ், கடைக் குருமா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். மிளகாய்த்தூளை வீட்டிலேயே வறுத்து இடித்தேன். ‘சேர்க்கலாம்’, ‘சேர்க்கக் கூடாது’ என்று இரண்டு பத்தியாக எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

முகாமில் ஒருநாள் செக்கிங். ஆள் நேரில் நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். தக்சிகாவைக் காணவில்லை என்று கூப்பிடப் போனேன். தனியாக இருக்கும் பெண். அவள் அடுப்புக்கு மேலே, சோற்றுப் பருக்கை தடவி ஒட்டியிருந்தது என் பட்டியல்.

"எனக்கும் உந்த உப்பு ஒத்துவராது அக்கா. அண்ணைதான் தந்தவர்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விடியற்காலை பஸ் என்று வெறும் வயிற்றோடு கிளம்புகிற மனிதர் எங்கே சாப்பிட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. இன்னொருத்தி வீட்டுக்குப் போனதைக்கூட அழுது தீர்த்திருப்பேன். என் இரண்டு வருட உழைப்பைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அது பழசு பிள்ளை. புதுசு எழுதித் தாறன்" என்றேன்.

உடனே கொடுக்கவில்லை. அவர் பெயிண்டர். அப்போது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் உள்சுவரைத் தரையில் நின்று அடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சுவரில் தொங்கி அடிக்கக் கயிறு கட்டியாயிற்று என்று அவரே சொன்ன அன்று கொடுத்தேன். எல்லாம் பழையபடிதான். சூப் கட்டியை மட்டும் ‘சேர்க்கலாம்’ பத்திக்கு மாற்றி எழுதியிருந்தேன். தேங்காய்ப்பால் சொதியில் இரண்டு போட்டால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன்.

முதல் நாளே தலை சுற்றுகிறது என்று வந்து படுத்தார். இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன்.

"வெளியில ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லையப்பா. வெயில்தான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பி வாங்கியிருப்பேன். மறுநாளும் கேட்டேன். மறுநாளும் வெயில்தான்.

மூன்றாம் நாள் காலை நாலாவது மாடியிலிருந்து விழுந்தார். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளுங்கள். தக்சிகாவின் சொதியைச் சாப்பிட்டுத்தான் கயிற்றில் ஏறினார். பதினொரு வருடத்தில் என் கையால் அவருக்கு அந்த உப்பை ஒரு சிட்டிகைகூடப் போட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.