ஓடாத மீட்டர்களை எண்ணியவர்

கைக்கடிகாரத்தில் ஒரு கண்ணும் என்மேல் ஒரு கண்ணுமாகத் தலைமையேற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை முகத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! இருபத்தாறு ஆண்டுகள் நம் வாசல்தோறும் வந்து மின்சார மீட்டர் பார்த்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ‘மீட்டர் அக்கா’ அவர்களே! அனைவரையும் வணங்கி நிற்கும் நான், இந்த நகரத்தின் வீட்டுத் தரகன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! தரகன் கையில் மைக் கிடைத்தால் மேடையையே விற்றுவிடுவான் என்ற பயம் தலைவர் முகத்தில் தெரிகிறது. கவலை வேண்டாம் ஐயா, இந்த மேடைக்குப் பத்திரம் சரியில்லை!

அன்பர்களே, பத்தாண்டுகளில் இந்த நகரத்தில் வீடுகள் பெருகின. விலை மும்மடங்காக ஏறியது. ஆனால் வீடு கிடைக்காமல் அலைபவர்களும் பெருகினார்களே, எப்படி? கட்டக் கட்டக் குறைவது உலகத்தில் உண்டா? நகரமன்றம் கேட்டது, விடை கிடைக்கவில்லை. எனக்கு விடை தெரியும், நான் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஒரு திட்டம் வந்தது. அச்சுக்கூடச் சந்தின் நூற்று நாற்பது சிறு வீடுகளையும் இடித்து, அங்கே அடுக்குமாடி எழுப்புவது. அங்கே வாழ்வோரை நகரத்தின் கடைக்கோடிக்கு அனுப்புவது. மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடந்தது. தையற்கடை நடத்தும் ஒரு சகோதரி எழுந்தார்.

“எங்க அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிங்க. இப்ப சக்கர நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டே போயிடறேன். ரெண்டு பஸ் மாறி எப்படிங்க கூட்டிட்டு வர்றது?”

“ஊர்ல வீடு பத்தலைம்மா. வேற வழியில்லை” என்றார் திட்ட அதிகாரி.

அப்போது எழுந்தார் அக்கா! சீருடையில், தோளில் பையோடு எழுந்தார். அன்று காலைதான் அவருடைய மேலாளர் எச்சரித்திருந்தார்: “ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம்தான். வாயைத் திறந்து கெடுத்துக்காதீங்க.” அஞ்சினாரா? அஞ்சினார். அடங்கினாரா? இல்லை!

“நீங்க மீட்டர் பார்க்கிறவங்கதானே? வீட்டுக் கணக்கெல்லாம் எங்ககிட்ட இருக்கும்மா” என்றார் அதிகாரி.

“இருக்கு சார். எத்தனை வீடு கட்டியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். எத்தனை வீட்ல ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் மீட்டர் பார்க்கிற வட்டத்துல மட்டும் அறுநூத்திப் பன்னெண்டு வீட்ல ஒரு வருஷமா மீட்டர் ஓடலை.”

அரங்கம் அதிர்ந்தது. “யார் யார் வீடு?” என்று நாலா பக்கமும் குரல்.

“பேர் சொல்ல மாட்டேன். தெருத்தெருவா எண்ணிக்கை தர்றேன், போய்ப் பாருங்க.”

அவற்றில் மூன்று வீடுகள் என்னுடையவை! விலை ஏறட்டும் என்று நான் வாங்கிப் பூட்டியவை. அது அக்காவுக்குத் தெரியும். கூட்டத்தில் என்னைப் பார்த்தார். பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சொல்லாததால் உட்கார முடியவில்லை. எழுந்து, “மூணு வீடு என்னுதுங்க” என்றேன்.

மறுநாள் தலைவரும் அக்காவும் வர, முதல் வீட்டைத் திறந்தேன். தண்ணீர்க் குழாயைத் திருகினேன், கைப்பிடி கையோடு வந்தது. தரையில் ஓடுகள் பெயர்ந்து கிடந்தன. சுவரெங்கும் ஈரம் படர்ந்திருந்தது. அக்கா திட்டவில்லை. “தம்பி, விலை ஏறுதுன்னு பூட்டி வெச்சீங்க. வீடு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்திருக்கே” என்றார்.

பழுது பார்த்தேன். பேருந்து ஓட்டுநர் ஒருவரின் குடும்பம் குடிவந்தது. எந்த அறை யாருக்கு என்று அவருடைய இரண்டு மகள்களும் வாசலிலேயே சண்டை போட்டார்கள். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் குடும்பச் சத்தம் அதுதான்!

அதன்பின், என்னைப்போல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். நான்கே மாதத்தில் முந்நூற்று எண்பது வீடுகளில் குடும்பங்கள்! இடிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. தையற்கடைச் சகோதரி இன்றும் தம் தந்தையை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். பத்தாண்டுகளில் முதல்முறையாக வீட்டு விலை ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கியது.

என்ன ஐயா, பின்னாலிருந்து? “உன் பிழைப்பு என்னாச்சு”ன்னு கேட்கிறீர்களா? முன்பெல்லாம் ஒரே வீட்டை ஆள் மாற்றி ஆளுக்கு விற்றேன், எவரும் குடிவரவில்லை. இப்போது வாரம் ஒரு குடும்பத்துக்கு வீடு காட்டுகிறேன். தெருவில் போனால் “டீ குடிச்சிட்டுப் போங்க” என்கிறார்கள். தரகனை யாராவது இப்படி அழைத்ததுண்டா?

எது வீட்டின் மதிப்பு? பத்திரத்தில் எழுதிய எண்ணா? பக்கத்து மனை போன விலையா? உள்ளே அடுப்பு எரிய வேண்டும். உலர்த்திய துணி காற்றில் ஆட வேண்டும். ஒருவர் வீடு திரும்ப, இன்னொருவர் கதவு திறக்க வேண்டும். அதுதான் மதிப்பு! அதை நமக்குச் சொல்லப் பட்டம் பெற்றவர்கள் வரவில்லை. கால் தேய நடந்த ஒரு பெண் வந்தார்!

ஓய்வுக்குப் பின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேடையேறும் முன் கேட்டேன். “இன்னும் இருநூத்தி முப்பத்திரண்டு வீடு பாக்கி தம்பி. வீட்டுக்காரங்களைப் போய்ப் பார்த்துப் பேசணும்” என்றார்.

நாளைக் காலை அவரோடு நானும் நடக்கிறேன். உங்கள் கதவைத் தட்டுவோம். அன்புகூர்ந்து திறந்து விடுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்தும் கையசைக்காத தலைவருக்கும், என் குற்றத்தையும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அக்காவின் கால்களுக்கு என் வணக்கம்!