வாசித்தவர் என்ற கட்டம்

— இந்தத் தேதி இடிக்குது, நாத்தனாரே.

— முப்பத்து மூணு வருஷத்துப் பழசு, இடிக்கத்தான் செய்யும் அண்ணி. கம்ப்யூட்டரை மூடிட்டு சாப்பிட வாங்க.

— வாயில ஊசியை வெச்சுக்கிட்டுப் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது. அந்த ரவிக்கையை ஓரமா வெச்சுட்டு இங்க வந்து பாரு. பாட்டுக்காரங்க, வாத்தியக்காரங்க எல்லாருக்கும் இந்தத் தளத்துல ஆளுக்கொரு பக்கம். உங்கண்ணன் பக்கத்துல அறுபத்தொரு பதிவு ஏத்திட்டேன். எந்த கேசட், எந்த ஸ்டுடியோ, யார் தபேலா, எல்லாம் கட்டம் கட்டமா உக்காந்துடுச்சு. இந்த ஒண்ணு மட்டும் உக்கார மாட்டேங்குது.

— எது?

— ‘மழைக்கு முன்னால்’.

— அதுல என்ன குழப்பம்? கேசட் அட்டையிலயே புல்லாங்குழல்னு போட்டு அண்ணன் பேர் இருக்கே.

— அட்டையைப் பார்த்து எழுதறதுக்கு நான் எதுக்கு? நூலகத்துல இருபத்தெட்டு வருஷம் புத்தகத்துக்கு அட்டவணை போட்டவ நான். பாரு, ஸ்டுடியோ சீட்டுல பன்னண்டாம் தேதி. இது உங்கண்ணனோட பழைய ஃபைல்ல கிடந்தது, பல் டாக்டர் சீட்டு. பதினோராம் தேதி முன்பல் ரெண்டு எடுத்திருக்கு, மேலுதட்டுல நாலு தையல்.

— சைக்கிள்ல இருந்து விழுந்தாரே, அதுவா?

— அதேதான். பல்லு போய், உதடு வீங்கி, தையல் காயறதுக்குள்ள மறுநாள் காலையில மனுஷன் போய்ப் புல்லாங்குழல் வாசிச்சிருக்கார்.

— அண்ணனுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி.

— தடுப்பூசின்னா கட்டிலுக்கடியில போய் ஒளியற ஆளு.

— டாக்டர் தேதியைத் தப்பா எழுதியிருப்பார். அவங்க கையெழுத்து கடவுளுக்கே புரியாது.

— தேதி ரப்பர் ஸ்டாம்ப்பு.

— விடுங்க அண்ணி. யாரு வந்து கேக்கப் போறா?

— கேக்கறாங்களே. உங்கண்ணன் பக்கத்துல ஜாஸ்தி பேர் கேட்டது இதைத்தான். கீழ ஒரு ஆள் குறிப்பு எழுதியிருக்கு, படிக்கிறேன் கேளு. ‘ரெண்டாவது அடி முடிஞ்சதும் மிளகாயைக் கடிச்ச மாதிரி ஒரு மூச்சு இழுப்பு. மத்த அறுபது பதிவுல எதுலயும் அந்த இழுப்பு இல்ல.’

— வேலைவெட்டி இல்லாத ஆளு.

— அந்த வேலைவெட்டி இல்லாத ஆளு நான்தான்.

— ஐயோ அண்ணி. சரி, சந்தேகம்னா ‘பெயர் தெரியாதவர்’னு போட்டுடுங்க. அப்படி ஒரு பக்கம் இருக்குன்னு சொன்னீங்களே.

— அங்க ஏற்கெனவே நானூறு பேர் நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. போன மாசம் ஒருத்தர் கடிதமே போட்டுட்டார். ‘பெயர் தெரியாதவர் அவர்கள் எல்லா வாத்தியத்திலும் கெட்டிக்காரராக இருக்கிறாரே, விலாசம் கிடைக்குமா’ன்னு. அந்தக் கூட்டத்துல இதைத் தள்ள எனக்கு மனசு வரல.

— அண்ணனைக் கேட்டீங்களா?

— காலையிலயே கேட்டேன். ‘அவளைக் கேளு’ன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு பேட்டரி வாங்கப் போறேன்னு கிளம்பிட்டார். கடை நாலு வீடு தள்ளி இருக்கு. மூணு மணி நேரமா ஆளைக் காணோம். ஏன், ஊசியைத் திரும்ப வாயில வெச்சுக்கிட்டே?

— பேசக் கூடாதுன்னுதான்.

— இங்க ஒரு விதி இருக்கு. ரெண்டு ஆதாரம் இருந்தாத்தான் பேரை மாத்தலாம். ஒண்ணு இந்தச் சீட்டு. இன்னொண்ணு, வாசிச்சவங்களே வாயைத் திறந்து சொல்லணும்.

— அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதை மட்டும் தொடாதீங்க.

— ஏன்?

— ஏன்னா அதைக் கேட்டுத்தானே நீங்க இந்த வீட்டுக்கு வந்தீங்க? உங்கப்பா பார்த்த இன்ஜினியரை வேணாம்னுட்டு, கட்டினா இந்தக் குழல்காரரைத்தான்னு மூணு நாள் பட்டினி கிடந்தீங்க.

— ரெண்டு நாள்தான். மூணாம் நாள் திருட்டுத்தனமா சாப்பிட்டேன்.

— சிரிக்காதீங்க. அன்னிக்கு அண்ணன் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு. ஸ்டுடியோவுல எல்லாரும் வந்து காத்திருக்காங்க, அட்டையும் அச்சாகி வந்தாச்சு. ‘நீயும் என்கூடத்தானே கத்துக்கிட்டே, இன்னிக்கு மட்டும் வாசி’ன்னு இழுத்துட்டுப் போனார். எனக்குப் பதினெட்டு வயசு. பயத்துல மூச்சு நிக்கல, அதான் அந்த இழுப்பு. எவன் கவனிக்கப் போறான்னு விட்டுட்டோம். அடுத்த வருஷம் நீங்க பெட்டியோட வாசல்ல நிக்கிறீங்க. நீங்க ஆசைப்பட்டது வேற கடைச் சரக்குன்னு எப்படிச் சொல்றது?

— சொல்லியிருக்கலாம்.

— எப்போ? அண்ணனுக்கு வெளியூர்ல ரேடியோ வேலை, தோட்டத்தோட குவார்ட்டர்ஸ் கிடைச்சப்ப, ‘மாடியில நாத்தனார் இருக்கா, பிள்ளைங்களை அவதான் பாத்துக்கணும், நான் வர மாட்டேன்’னு ஒத்தக்கால்ல நின்னீங்க. நானும் வருஷத்துல பாதி நாள் கடல்லயே இருக்கற கப்பல்காரரைக் கட்டிக்கிட்டு அந்த மாடியோட இருந்துட்டேன். அவ்வளவு நம்பினவங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

— இப்ப சொன்ன வாயாலதான். ஆச்சு, ஆதாரம் ரெண்டு.

— உங்களுக்குக் கோபம் வரலயா?

— கல்யாணமாகி மூணாம் நாள் அதை வாசிக்கச் சொன்னேன். நல்லாத்தான் வாசிச்சார். அந்த இழுப்பு மட்டும் வரல. சரி, கூச்சப்படறார் போலன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் மத்தியானம் கண்ணாடியை மறந்துட்டேன்னு வீட்டுக்கு வந்தா, மாடியில துணி காயற இடத்துல யாரோ வாசிக்கிறாங்க. ரெண்டாவது அடி முடிஞ்சுது. மிளகாயைக் கடிச்ச மாதிரி.

— நீங்க நூலகத்துல இருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்.

— அதுக்கப்புறம் தினம் மத்தியானம் வெயில்ல இருபது நிமிஷம் நடந்து வீட்டுக்கு வந்தேனே. கீழ்ப்படியில உக்காந்திருந்துட்டு, நீ முடிச்சப்புறம் கதவைத் தட்டுவேன்.

— என் சமையலுக்காக வரீங்கன்னு நினைச்சேன்.

— உன் சமையலுக்கா?

— அப்ப அண்ணன்?

— நல்ல மனுஷன். பிடிச்சுப்போக ரெண்டு வருஷம் ஆச்சு. பிடிச்சப்புறம் நான் விடல. கட்டம் காலியா நிக்குது பாரு, உன் பேரை முதலெழுத்தோட போடவா, இல்லாமலா?

— இருங்க அண்ணி. அப்ப அந்தக் குவார்ட்டர்ஸ் வேணாம்னு நின்னது பிள்ளைங்களுக்காக இல்லையா?

— பிள்ளைங்களைப் பாத்துக்க எந்த ஊர்லயும் ஆள் கிடைக்கும், நாத்தனாரே. நான் கட்டிக்கிட்டு வந்த குழல் இந்த மாடியிலதானே இருந்துச்சு.