நற்சாட்சியில் ஒரு செத்த சொல்

— இந்த ஒரு சொல்லைத்தான் கேக்கிறேன், கிராணி ஐயா. என் பேருக்குப் பக்கத்துல இருக்கே, அது. மத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்.

— ஏன் காணும், மத்தியான வெயிலுக்குள்ள காஜா பேராங்கில இருக்கிற என்ர வீடு வரைக்கும் சைக்கிள் மிதிச்சு வந்தது இதுக்கோ? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாத்தலாகிப் போகேக்க தன்ர குசினிக்காரனுக்குக் குடுத்த நற்சாட்சி. ஒன்பது வருசம் ஆச்சுது. நல்லதாத்தான் எழுதியிருப்பார்.

— 'சமையல்காரன் மருதமுத்து. இவனைப் போல ஒரு லோசலை நான் பார்த்ததே இல்லை.' அப்படித்தானே இருக்கு? பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருந்தேன். வேலை கேட்டுப் போற எடத்துக்கெல்லாம் கழட்டி எடுத்துக்கிட்டுப் போவேன். புரிஞ்ச வெள்ளைக்காரன் சிரிப்பான். புரியாத நம்மாளு, எதுக்கு வம்புன்னு திருப்பிக் கொடுத்துடுவான். ஒருத்தனும் அடுப்படிக்குள்ள விடலை.

— இப்ப ஆர் உமக்கு அர்த்தம் சொன்னது?

— ஆஸ்பத்திரி சமையலுக்கு ஆள் எடுக்கிற புது ஆபீசர். மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்ததுக்கு அப்புறம் வந்த மலாய்க்காரர், சின்ன வயசு. அவரு சிரிக்கலை. தடிப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தாரு. 'பாக்சிக்'னு மாமா முறை வச்சுக் கூப்பிட்டு, 'இது வெள்ளைக்காரனே பேசாம விட்டுப்போன சொல்லு. எதுக்கும் உதவாத போக்கிரின்னு அர்த்தம்'னாரு.

— ஓம்... அந்தத் துரை அப்பிடியான ஆள்தான். பழைய இங்கிலீசுச் சொல்லுகளில அவருக்கு ஒரு விசர். ஏழையின்ர வயித்தில அடிச்சுப் போட்டார், பாவி.

— அந்த மாதிரித் தடிப் புஸ்தகம் தோட்டத்து ஆபீசுல உங்க மேசையில இல்ல இருந்துச்சு? டைப் அடிச்சதும் நீங்கதானே?

— துரை சொன்னார், நான் அடிச்சனான். ஆபீசில எழுதுற கிராணிக்கென்ன, எதிர்த்துக் கதைக்க வாய் இருக்குதோ? அது கிடக்கட்டும். மகள் பூங்காவனம் எப்பிடி?

— தோட்டத்துல ரப்பர் மரம் சீவுறா. நானும் சீவுறேன், அம்பத்தெட்டு வயசுல. அன்னிக்கு எனக்கு டவுன்ல வேலை கெடைச்சிருந்தா அவளுக்கும் ஒரு வழி பொறந்திருக்கும். உங்க மகன் தம்பிராஜா அப்ப டவுன்லதானே படிச்சாரு? ரெண்டு பேரும் பழகுனது உங்களுக்குப் புடிக்கலைன்னு அப்பவே காதுல விழுந்துச்சு. நாங்களும் டவுனுக்குக் குடி வந்துடுவோம்னு பயந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அவளைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிருப்பேன் ஐயா.

— பழங்கதை எதுக்கு இப்ப?

— சரி, விடுங்க. ஆபீசர் திங்கக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்திருக்காரு. 'மருதமுத்து நல்லவன், அந்தச் சொல்லு தப்பா விழுந்துடுச்சு'ன்னு ரெண்டு வரி எழுதி, கீழ நல்லையான்னு உங்க கையெழுத்தைப் போட்டுக் கொடுங்க. எனக்கு அது போதும்.

— நான் பென்ஷன் எடுக்கிறவன் காணும். துரை செய்த பிழைக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? அந்தாளும் இந்நேரம் சீமைக்குக் கப்பலேறிப் போயிருப்பார். மனச்சாட்சி இல்லாத மனுசன்.

— நெசமாவே மனசாட்சி இல்லாதவரா?

— சத்தியமா. உப்பிடி எழுதவேண்டாம் எண்டு நான் மன்றாடினனான். அவர் கேக்கேல்லை.

— கப்பல் நாளைக்குத்தான் ஐயா. துரை ரெஸ்ட் ஹவுஸ்லதான் தங்கியிருக்காரு. காலையில அவரைப் பார்த்துட்டுத்தான் இங்க வர்றேன். புது நற்சாட்சி அவரு கையாலயே எழுதிக் கொடுத்துட்டாரு, பையில இருக்கு. உங்க ரெண்டு வரி எனக்கு வேலைக்கு வேண்டியதில்லை. எழுதுவீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்.

— துரை... என்ன சொன்னவர்?

— அர்த்தத்தைக் கேட்டதும் அழுதுட்டாரு. 'அந்தச் சொல்லு எனக்குத் தெரியாது மருதமுத்து, தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. லோசல்னா விசுவாசமானவன்னு என் கிராணிதானே சொன்னாரு'ன்னு என்னைக் கேக்கிறாரு, ஐயா.