வலது ஓரத்தில் ஒரே ஒரு இடம்

நெட்டை: கதவச் சாத்து மொதல்ல.

வாண்டு: என்னடி இது, போலீஸ் ஸ்டேஷனா? பூட்ஸ கூட இன்னும் கழட்டல...

நெட்டை: சாத்துடி. பக்கத்து ரூம்ல கோல்கீப்பர் இருக்கா.

வாண்டு: ஆமா, பந்தத் தவிர எல்லாத்தையும் புடிச்சிடுவா. சரி, சாத்தியாச்சு. சொல்லு.

நெட்டை: ஞாயித்துக்கிழமை மேட்ச்ல நீ ஆடுற.

வாண்டு: போர்டுல நீயும்தான பாத்த... வருத்தமா?

நெட்டை: வயிறு எரியுது. இதுல ஒளிக்க என்ன இருக்கு? ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டு இந்த ஃபுட்பால் கிளப்புக்கு வந்தோம். வலது விங்குல இருக்கிறது ஒரே இடம். உனக்கு அது. எனக்குத் தண்ணி பாட்டில் பக்கத்துல உக்கார ஒரு சேரு.

வாண்டு: அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கோச்தான...

நெட்டை: ஏன் உன்ன எடுத்தாங்கன்னு சொன்னாங்களா?

வாண்டு: வேகமாம். ப்ராக்டீஸ்ல முதுகுல ஒரு மெஷின் மாட்டிட்டு ஓடுறோமே, அதுல என் வேகம் ஏறிட்டே வருதாம். கடைசி வரைக்கும் ஓட்டம் குறையவே இல்லையாம்.

நெட்டை: என்னோடது?

வாண்டு: உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல.

நெட்டை: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

வாண்டு: ...எறங்கிடுச்சாம். ராத்திரி ஒழுங்கா தூங்குறாளா, போன நோண்டிட்டுக் கெடக்குறாளான்னு என்கிட்ட விசாரிச்சாங்க.

நெட்டை: நீ என்ன சொன்ன?

வாண்டு: குறட்டை விட்டுத் தூங்குறான்னு சொன்னேன். எனக்குத்தான் தூக்கம் இல்லன்னு...

நெட்டை: கிண்டல் பண்ணாத. இன்னைக்குக் கடைசியில இடுப்பப் புடிச்சிட்டு நின்னது யாரு?

வாண்டு: கொஞ்சம் மூச்சு வாங்கிச்சு...

நெட்டை: நேத்து?

வாண்டு: நேத்தும்தான். என்ன இப்ப?

நெட்டை: நிக்கிறது நீ, ஓடுறது நான். மெஷின்ல மட்டும் தலைகீழா வருது. எப்படி?

வாண்டு: மெஷின கேளு. என்ன ஏன் கேக்குற?

நெட்டை: உன்னத்தான் கேப்பேன். உனக்குத் தெரியும்.

வாண்டு: எனக்கு என்ன தெரியும்? உளறாத.

நெட்டை: பின்ன ஏன் காது செவக்குது?

வாண்டு: வெயில்ல நின்னேன்...

நெட்டை: வாண்டு, நான் கோச் கிட்ட போகல. உன்கிட்டதான் கேக்குறேன்.

வாண்டு: ...என் மெஷின் ஒரு தடவை கீழ விழுந்து மூலை ஒடைஞ்சுது, ஞாபகம் இருக்கா?

நெட்டை: ம்.

வாண்டு: ஒருநாள் ட்ரெஸ் மாத்தும்போது பாத்தேன். அந்த ஒடைஞ்ச மெஷின் உன் முதுகுல இருந்துச்சு. மேல உன் நம்பர் ஸ்டிக்கர். உன்னோட நல்ல மெஷின்ல என் நம்பர். கம்ப்யூட்டர் ஸ்டிக்கரப் பாக்காது, மெஷினத்தான் பாக்கும்; நீ ஓடுறது என் கணக்குல ஏறுது.

நெட்டை: பாத்துட்டு வாய மூடிட்ட.

வாண்டு: சொல்லத்தான் வந்தேன். சத்தியமா. அன்னைக்குப் பாத்து ட்ரெய்னர் எல்லாரையும் நிக்க வச்சு என்ன பாராட்டினாரு. இங்க வந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு... அப்புறம் வாயே வரல. அசிங்கமா இருக்கு.

நெட்டை: ம்.

வாண்டு: திட்டு. ரெண்டு அறை கூட விடு. சும்மா 'ம்'னு உக்காந்திருக்காத.

நெட்டை: வேற யாருக்காவது தெரியுமா?

வாண்டு: இல்ல. எழுந்திரு, இப்பவே கோச் ரூமுக்குப் போவோம். மூலை ஒடைஞ்சது யாரோடதுன்னு ட்ரெய்னருக்கே தெரியும். உன் இடம் உனக்கு வந்துடும்.

நெட்டை: இரு... ஸ்டிக்கர் எப்படி மாறுச்சுன்னு கேப்பாங்க.

வாண்டு: மெஷினயெல்லாம் ஸ்டோர்காரர்தான் தொடச்சு வைக்கிறாரு. உரிஞ்சு வந்திருக்கும், மாத்தி ஒட்டிட்டாரு. வேற யாரு?

நெட்டை: அவர் இல்லன்னுவாரு.

வாண்டு: சொல்லட்டும். கோச் நம்பவா போறாங்க? போன மாசமே ஜெர்சிய மாத்திக் குடுத்ததுக்கு, இன்னொரு தப்பு நடந்தா வீட்டுக்குப் போயிடுன்னு சொல்லிட்டாங்க.

நெட்டை: அவர இழுக்காத.

வாண்டு: உன் இடம்டி. ஞாயித்துக்கிழமை போச்சுன்னா அந்த மெஷின் சொல்ற கணக்குல உன்ன கிளப்புலயே வச்சுக்க மாட்டாங்க. அவர் மேல உனக்கு என்ன திடீர் பாசம்?

நெட்டை: பாசம் இல்ல.

வாண்டு: அப்புறம் ஏன் எழுந்திருக்க மாட்டேங்குற? இவ்வளவு நேரம் என்னக் கொடைஞ்ச. ஆமா... நான் சொன்ன எதுக்கும் நீ ஆச்சரியப்படவே இல்லையே. மெஷின் மாறுனது உனக்கு முன்னாடியே தெரியுமா? இப்ப உன் காது செவக்குது. சொல்லுடி. யார் ஒட்டினது?

நெட்டை: நான்தான். உன் ஓட்டம் என் கணக்குல ஏறட்டும்னு மாத்தி ஒட்டினேன். வந்த புதுசுல கோச், 'அந்த வாண்டு மாதிரி ஓடு, அந்த வாண்டு மாதிரி ஓடு'ன்னு என்ன திட்டிட்டே இருந்தாங்கல்ல... நீதான் வேகம்னு நானும் நம்பிட்டேன்.