நீல மருந்து

பேசலாம் லவான், பேசலாம், யாரு வேணாம்னா? மொதல்ல இவளப் பிடி. அய்யோ, கழுத்தப் பிடிக்காத, மூச்சு முட்டிச் செத்துருவா. ரெண்டு ரெக்கையையும் ஒடம்போட அணைச்சு, இந்தத் துண்டச் சுத்தி மடியில வெச்சுக்கோ. ஆங், அப்பிடித்தான். அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காரு. கோழி வேலிக்குள்ள நாற்காலியெல்லாம் கெடையாது. நல்ல துணி போட்டுட்டு வந்தது என் தப்பா? இன்னிக்கு சர்ச்சுல வசந்த விருந்து, நீதான் சமையக்கட்டுக்குத் தலைவி, அத விட்டுட்டு எங்க வீட்டுக் கொல்லையில வந்து நிக்கிற. நானா வரச்சொன்னேன்?

சிக்னியக் கூப்புடு, சிக்னியக் கூப்புடுன்னு கத்தாத. கோழி மெரளுது பாரு. அவகிட்ட சொல்லப்போறத என்கிட்ட சொல்லு, நான் அவளப் பெத்தவதான. புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக்கு வேற செஞ்சு எடுத்துட்டு வந்திருக்க. நீ கேக்கு கொண்டாந்தாலே பெருசா எதையோ கேக்கப்போறன்னு எனக்குத் தெரியாதா, எத்தன வருசப் பழக்கம். ம், சொல்லு.

ஓஹோ. அப்பிடி.

இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எம் மக வீட்டோட கெடக்கணும். ஏன்னா ஒம் மவன் கர்ட்டு, ஹாக்கிப் பசங்களக் கூட்டிக்கிட்டு மத்தியானம் விருந்துக்கு வரணும். கோப்பை ஜெயிச்சுக் குடுத்த கோச்சு. ஊரே எந்திரிச்சு நின்னு கை தட்டும். அவ அங்க இருந்தா அவன் வாசப்படி மிதிக்க முடியாது, ஜட்ஜம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க, அவ இருக்குற எடத்துக்குப் பக்கத்துலகூட வரக்கூடாதுன்னு. அதனால அவளே வராம இருந்துட்டா யாருக்கும் சங்கடம் இல்லங்கிற. நல்லா இருக்கு சம்பந்தி ஒன் நியாயம். தாடைய ஒடச்சவன் விருந்து சாப்புடணும், ஒடஞ்சவ வீட்டுல குந்திக்கிட்டு சூப்பு குடிக்கணும்.

நான் எங்க கோவப்படுறேன்? கோவப்பட்டா மருந்து போடுற கை இப்பிடி நடுங்காம நிக்குமா? துண்ட லேசா வெலக்கு. பாரு. கண்ண மூடிக்காத, பாரு.

இது பருந்து கிழிச்சது. ஏப்ரல்ல, பனி உருகி அந்த மூலையில புல்லு முளைச்சிருந்துச்சு, இவ குஞ்சுகளோட மேஞ்சுக்கிட்டிருந்தா. மேல இருந்து விழுந்துச்சு பாரு, கல்லு விழுந்த மாதிரி. மத்ததெல்லாம் அடிச்சுப் புடிச்சுக் கூட்டுக்குள்ள ஓடிருச்சு. இந்தப் புள்ளிக்காரி ஓடல. குஞ்சு மேல ரெக்கைய விரிச்சுப் படுத்துக்கிட்டா. நான் தொடப்பத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாறதுக்குள்ள முதுகுத் தோல் சட்ட கிழிஞ்ச மாதிரித் தொங்குச்சு. ஒங்க வீட்டுக்காரரு ரோலண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்ன சொன்னாரு? கழுத்தத் திருகிப் போடு ஆர்டிஸு, ஒத்தக் கோழிக்கா இந்தப் பாடுன்னாரு. ஒத்தக் கோழிக்குத்தான். ஏன், அதுக்கு உசுரு இல்லையா?

உப்புத் தண்ணியில கழுவி, தேன் தடவி, துணி தொவைக்கிற ரூம்ல அட்டப்பெட்டியில வெச்சிருந்தேன். தேன்தான், சிரிக்காத. புண்ணு காயாம, சீழும் புடிக்காம வெச்சிருக்கும். மூணு நாள் ஒண்ணும் திங்கல. நாலாம் நாள் முட்ட மஞ்சக்கருவ விரல்ல தொட்டு நீட்டுனேன், கொத்திருச்சு. நான் அழுதுட்டேன். ஆமா, அழுதேன், அதுல என்ன வெக்கம்? இந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தி வாயத் தொறந்து திங்கிறதப் பாக்கணும்னு இருந்துச்சு எனக்கு.

தாயி அந்தப் பெட்டியில கெடக்க, குஞ்சுகள யாரு பாக்குறது? சிக்னிதான் பாத்தா. அப்ப அவளுக்குத் தாடையில கம்பி கட்டியிருந்துச்சு, குழாய் வெச்சு உறிஞ்சுனாத்தான் சாப்பாடு. ஒரு வார்த்த பேச முடியாது. குஞ்சுகள ஒவ்வொண்ணா எடுத்து, மூக்கத் தண்ணியில முக்கிக் குடிக்கப் பழக்குனா. பின்னால எச்சம் காஞ்சு அடைச்சுக்கிட்டா வெதுவெதுன்னு தண்ணியில நனச்சுத் தொடச்சு விடுவா, இல்லேன்னா செத்துப்போயிரும். வாயால கூப்பிட முடியாதுல்ல, தொண்டைக்குள்ளயே ம்ம் ம்ம்னு முனகுவா. லவான், சத்தியமாச் சொல்றேன், அந்த முனகலக் கேட்டா அத்தனையும் ஓடியாந்து அவ காலச் சுத்தி நிக்கும். அதுங்களுக்கு அதுதான் அம்மா குரல்.

ஒனக்கும் அந்த முனகல் தெரியுமே. தாட ஒடஞ்ச அன்னிக்கு அவ மொதல்ல போன் பண்ணது ஒனக்குத்தான, எனக்கில்லையே. நீ அவங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்க, ஓடி வருவன்னு நெனச்சிருக்கா. பேச முடியாம முனகுனா. நீ என்ன சொன்ன? ஐஸ் ஒத்தடம் குடும்மா, அவன் கோவம் ஆறட்டும், அப்புறம் பேசிக்கலாம்னுட்டு வெச்சுட்ட.

ஒடஞ்சிருக்கும்னு தெரியாதுன்னா? சரி, தெரியாதுன்னே வெச்சுக்குவோம். ஆனா மறுநாள் ஊரு பூரா பனியில வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னியே, அது எப்பிடி? அவ விழுந்து கெடந்தது கார் ஷெட்டுக்குள்ள. ஷெட்டுக்குள்ள ஏதுடி பனி?

அழாத. கோழி மேல கண்ணீர் விழுதுன்னு சொல்லல, நெசமாவே அழாத. பெத்த புள்ளைய விட்டுக் குடுக்க முடியாது, எனக்குப் புரியுது. நான் அவன வெறுக்கவா சொன்னேன்? போயி வக்கீலப் பாரு, சாப்பாடு கட்டிக் குடு, கட்டிப் புடிச்சு அழு, ஒம் புள்ள. ஆனா எம் புள்ளைய மூலையில ஒக்காரச் சொல்ல ஒனக்கு யாரு பட்டம் குடுத்தா?

அசையாத, மருந்து அடிக்கிறேன். ஆமா, நீலந்தான், பேனா மையவிட மோசம். ஒன் கையிலயும் பட்டுருச்சா? படட்டும். புண்ணு செவப்பாத் தெரிஞ்சா கோழிகளுக்கு வெறி வந்துரும், கொத்திக் கொத்திக் கொடல உருவிரும். அதுக்குத்தான் நீலம். செவப்பு தெரியக்கூடாது.

நீயும் ஈஸ்டருக்குப் பாஸ்டர் பொண்டாட்டிகிட்ட முகத்துக்குப் பூசுற களிம்பு குடுத்து விட்டியே, தழும்பு தெரியாமப் பூசிக்கச் சொல்லி. கழுத்துல சுத்திக்க சில்க்குத் துணி வேற. அது ரெண்டும் சமையக்கட்டு அலமாரியில அப்பிடியே இருக்கு, போறப்ப எடுத்துட்டுப் போ. நான் கோழிக்குத்தான் மறைப்பேன். கோழிக்குப் புத்தி அவ்வளவுதான், என்ன பண்றது. ஊர்ல இருக்குற மனுசங்களுக்காக எம் மக மூஞ்சில நான் எதுக்குச் சாயம் பூசணும்?

போன் அடிக்குதா? அடிக்கட்டும், ஒன் கை பூரா மருந்து. பையி வேலிக்கு வெளியதான கெடக்கு, எவன் தூக்கிட்டுப் போகப்போறான். சமையக்கட்டுல இருந்துதான் கூப்பிடுவாங்க, உப்பு எங்க, கரண்டி எங்கன்னு. நீ இல்லேன்னா அங்க அடுப்பு எரியாதோ?

என்ன, அந்தக் கூண்டா? அட, இப்பத்தான் அதப் பாக்குறியா. அதுக்குள்ள இருக்குறவ செவப்பி. அடிபட்டவள மடியில வெச்சுக்கிட்டு, கல்லுமாரி இருக்குறவள எதுக்குக் கூண்டுல அடைச்சேன்னா? எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. நானும் மொதல்ல தப்பாத்தான் பண்ணேன். புண்ணு ஆறிருச்சுன்னு போன வாரம் புள்ளிக்காரிய உள்ள விட்டேன். மத்ததெல்லாம் சும்மாதான் நின்னுச்சு, ஒண்ணும் செய்யல. செவப்பி வந்தா. நேரா வந்து, ஆறுன எடத்துலயே ஒரு கொத்து. அவ்வளவுதான், அவ கொத்துனதப் பாத்ததும் எல்லாம் சேந்துக்கிச்சு. அதுவரைக்கும் இவ பக்கத்துலயே தூங்குனதுங்க, இவளோட தீனி தின்னதுங்க. அத்தனையும் சேந்து மொத்துச்சு. நான் உள்ள விழுந்து, என் கையெல்லாம் கொத்து வாங்கித்தான் இவளத் தூக்குனேன். மறுபடி மொதல்ல இருந்து தேனு, உப்புத் தண்ணி, அட்டப்பெட்டி.

அப்பத்தான் புரிஞ்சுச்சு. அடிபட்டவளையே ஒளிச்சு ஒளிச்சு வெச்சா அவ எடம் போயிரும், எல்லாம் அவள மறந்துரும். வெளிய எடுக்க வேண்டியது அவள இல்ல. மொத கொத்து கொத்துறா பாரு, அவள. தலைக்கோழி இல்லாதப்ப மத்ததுகளுக்குக் கொத்தணும்னே தோணாது. புள்ளிக்காரி போயித் தன்னோட எடத்துல நின்னுட்டான்னா, அப்புறம் செவப்பி திரும்பி வந்தாலும் பழைய அதிகாரம் செல்லாது, கடைசியா நின்னு மிச்சத்தத்தான் திங்கணும். இது நான் கண்டுபிடிச்சதில்ல, கோழி வளக்குறவங்க எல்லாம் செய்யிறதுதான்.

சரி, இப்ப துண்ட எடு. மெதுவா. தரையில எறக்கி விடு, தள்ளாத, அவளே நடப்பா. சத்தம் போடாத.

பாத்துக்கிட்டே இரு. தல தூக்கிப் பாக்குதுங்க பாரு. அந்தக் கருப்பி கிட்ட வர்றா... மோந்து பாக்குறா... செவப்பியத் தேடுறா. செவப்பி இல்ல. போயிட்டா பாரு! போடீ போ, புழுவக் கிண்டு. புள்ளிக்காரி தீனித் தொட்டிக்குப் போறா. போ கண்ணு, போ. நடுவுல நில்லு, ஓரமா நிக்காத. ஆங்! திங்கிறா லவான், திங்கிறா! எவளும் திரும்பிக்கூடப் பாக்கல.

மறுபடி போன் அடிக்குதா? இந்த வாட்டி எடுத்துக்கோ. இரு, நானே வெளிய போயி பைய எடுத்துத் தரேன், கோழி ஓடிராமக் கதவத் தாழ் போட்டுக்கிறேன். கம்பி வழியாக் கை நீட்டு. எத்தன தடவ கூப்பிட்டிருக்காங்க? அத்தனையுமா? ம்ம். உப்பு கேட்டு இல்ல போல.

சிக்னியா? அவ வீட்டுக்குள்ள இருக்கான்னு நான் எப்ப சொன்னேன்? அந்த சன்னல்ல எரியிற லைட்டா? அது குஞ்சுகளுக்கு சூட்டுக்குப் போட்டது. என் வண்டி வாசல்ல இல்லையே, நீ பாக்கலையா? விடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிட்டா. வருசா வருசம் அவ நிக்கிற அதே அடுப்புகிட்ட, ஏப்ரன் கட்டிக்கிட்டு, எறைச்சி உருண்டைக்குக் கொழம்பு கிண்டிக்கிட்டு நிக்கிறா. களிம்பும் இல்ல, துணியும் இல்ல. சும்மா, அவ மூஞ்சியோட. பொம்பளைங்க எல்லாம் பக்கத்துலதான் உருளைக்கெழங்கு உரிச்சிக்கிட்டிருப்பாங்க. யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்ற ஆளு இங்க என்கூட வாளி மேல உக்காந்திருக்கா.

கத்தாத. கோழி திங்குது.

கர்ட்டுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிரு, வாசப்படி மிதிக்க வேணாம்னு. மிதிச்சா போலீஸு வரும், பசங்க முன்னாடி அசிங்கமாயிரும், ஒன் நல்லதுக்குச் சொல்றேன். இரு, ஏன் வேலியப் போட்டு ஆட்டுற, தாழ்ப்பா வெளிப்பக்கம் இருக்கு. தொறக்குறேன், தொறக்குறேன்.

கைய சோப்புப் போட்டுத் தேய்க்காத, போகாது, ஒரு வாரம் அப்பிடியேதான் இருக்கும். அந்தக் கையோடவே போயி வரிசையில கடைசியா நில்லு. தட்ட நீட்டு. சிக்னி ஒனக்கும் பரிமாறுவா.